வீடியோ கேம் பெட்டியும் ஒரு கிளாஸ் டீயும்

பெட்டியின் பின்பக்கக் கதவில் நான்கு ஸ்க்ரூ. மூன்று சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டன. நான்காவது உப்புக்காற்றில் துருவேறி, மரத்தோடு மரமாக ஒட்டிக்கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியில் துணியைச் சுற்றி, "அம்மா தாயே" என்று ஒரு அழுத்து அழுத்தித் திருப்பினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். கதவு கையோடு வந்தது.

உள்ளேயிருந்து ஒரு மூச்சு வந்து என் முகத்தில் பட்டது. பழைய பலகை வாசனை. கரப்பான் வாசனை. அதற்கும் அடியில், எங்கேயோ தூரத்தில், ஊதுபத்தி வாசனை. அந்த ஊதுபத்தி நிஜமாகவே இருந்ததா, என் மனசு கிளப்பிவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இன்னா ஏகா, உள்ள பாம்பு எதுனா கீதா? அப்டியே நின்னுகினு கீற?" என்று பின்னாலிருந்து கேட்டார் சேவியர் அண்ணன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்கு மேல் கைத்தடி.

"பாம்பு இல்லண்ணா. காத்து."

"அது அந்தக் காலத்துக் காத்து. நல்லா இழுத்துக்க. இப்ப வர்ற காத்துல பாதி சாம்பல்தான்."

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் நான் பழுது பார்த்த ரேடியோக்களையும் டிவிக்களையும் பற்றி எழுதினேன். என் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் கூடவே எழுதிவிட்டேன் என்று என் மனைவி கஸ்தூரி சொல்கிறாள். சரிதான். இந்த வாரம் என் தப்பைப் பற்றி எழுதுகிறேன்.

கடலுக்குள் இருந்த கடை

நான் படித்தது ஒன்பதாவது. அப்புறம் சாயங்கால வகுப்பில் ரேடியோ, டிவி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டேன். செல்போன் வராத அந்தக் காலத்தில், ராயபுரத்தில் சேவியர் அண்ணனும் அவர் தம்பி பீட்டரும் வீட்டு முன்னறையிலேயே வீடியோ கேம் கடை வைத்திருந்தார்கள். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

மெஷின் என்றால் கையில் வைத்துக்கொள்ளும் சாமான் இல்லை. ஆள் உயரப் பெட்டி. அதற்குள் ஒரு டிவி. டிவிக்குக் கீழே, சரிவாக ஒரு பலகை. அதில் ஒரு குச்சியும் பட்டன்களும். காசு போட்டால் திரையில் ஒரு சின்னக் கப்பல் வரும். மேலிருந்து நட்சத்திரம் கொட்டுகிற மாதிரி எதிரிகள் வருவார்கள். சுட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

கடை வாசலில் எப்போதும் கறுப்புத் திரை தொங்கும். வெளியே உச்சி வெயிலில் லாரிகள் ஹார்பருக்குப் போய்க்கொண்டிருக்கும். திரையை விலக்கி உள்ளே காலை வைத்தால் தண்ணீருக்கு அடியில் இறங்கிய மாதிரி இருக்கும். நீல வெளிச்சம். பச்சை வெளிச்சம். ஆடுகிறவர்களின் முகங்கள் மட்டும் மிதக்கும்.

காசிமேட்டிலிருந்து மீன்பிடி போட்டுக்காரர்கள் ஏலம் முடிந்த கையோடு வருவார்கள். நாலு நாள் நிஜக் கடலில் கிடந்துவிட்டு வந்து, இந்தப் பொய்க் கடலில் கப்பல் ஓட்டுவார்கள். பட்டனில் மீன் செதில் ஒட்டியிருக்கும். நான் நகத்தால் சுரண்டி எடுப்பேன்.

சுவரில் மாதா படம். அதற்குமேல் சின்ன நீல பல்பு. அண்ணன் தினமும் முழங்கால் போட்டு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் மெயின் ஸ்விட்சைப் போடுவார்.

ஆயுத பூஜை அன்று மட்டும் கடையை என்னிடம் விட்டுவிடுவார்.

"உங்க சாமி ஒரு நாள் வந்து குந்திட்டுப் போவட்டும். மாதா கோச்சிக்க மாட்டா" என்பார்.

அது எவ்வளவு பெரிய மனசு என்று அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினவர். வருஷா வருஷம் தன் இரும்புக் கொக்கியைக் கழுவி, சந்தனம் குழைத்து, குங்குமப் பொட்டு வைத்துக் கும்பிடுவார். கஞ்சி ஊத்துற சாமான் என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. எந்தச் சாமானைத் தொட்டுப் பிழைக்கிறேனோ அதற்கெல்லாம் பொட்டு வைப்பேன். வைத்த பொட்டைத் துடைக்க மாட்டேன். தானாக உதிரும்வரை அது சாமி இருக்கிற இடம்.

கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிய வாரம்

பீட்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டீ கிளாசைப் பட்டன் பலகை மேலேயே வைப்பான். வைத்துக்கொண்டே ஆடுவான். அண்ணன் தினமும் திட்டுவார். அவன் தினமும் சிரிப்பான்.

மார்கழிப் பனி இறங்கிய ஒரு சாயங்காலம், ஆட்ட வேகத்தில் முழங்கை தட்டி டீ கொட்டிவிட்டது. துணியால் துடைத்தான். அதற்கப்புறமும் மெஷின் ஓடியது.

மறுநாள் காலை ஸ்விட்சைப் போட்டால் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். கோலப்பொடியைக் காற்று கலைத்துவிட்ட மாதிரி. ஆட்டம் வரவில்லை. நாலு மெஷினில் பெரியது அதுதான். கடையே அதை நம்பித்தான் நடந்தது.

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நான் முன்பலகையைத் தூக்கி எட்டிப் பார்த்தேன். பழுப்பாக டீக்கறை தெரிந்தது. டிவி போர்டு எனக்கு அத்துப்படி. இந்தக் கேம் போர்டு வெளிநாட்டுச் சாமான், எனக்குப் பிடிபடாதது. அது தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"டீ எறங்கியிருக்கும்ண்ணா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான்.

"ராத்திரி வரிக்கும் ஓடுச்சேண்ணா! உள்ள போவல. அம்மா மேல சத்தியமா போவல" என்றான் பீட்டர்.

"பொய் வேற சொல்றியா?" என்று அண்ணன் கையை ஓங்கினார். அறை விழுந்தது. காலையிலேயே ஆட வந்திருந்த ஏழெட்டுப் பேர் முன்னால். வாசலில் பாதி கட்டிய ஸ்டார் தொங்கிக்கொண்டிருந்தது. பீட்டர் கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை. கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு வெயிலுக்குள் போனான்.

எண்ணூர்ப் பக்கம் போய் போட்டு இஞ்சின் வேலை கற்றுக்கொண்டு அங்கேயே குடித்தனம் ஆகிவிட்டான். அவர்கள் அம்மா செத்தபோது வந்தான். சவப்பெட்டிக்கு ஒரு பக்கம் இவர், இன்னொரு பக்கம் அவன். இவர் மண் போட்டு நகர்ந்த பிறகு அவன் வந்து போட்டான். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல், இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சு இல்லை.

"கண்ணால பாத்துச் சொல்லு"

கடை எப்போதோ மூடியாகிவிட்டது, ஓடாத அந்தப் பெரிய மெஷின் மட்டும் அங்கேயே கிடந்தது. இப்போது அந்த முன்னறை அண்ணன் மகள் ஜெனிபருக்கு வேண்டியிருக்கிறது. தையல் கடை போடப் போகிறாள். மெஷினை வாங்க ஓர் ஓட்டல்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பெட்டி மட்டும் போதும், அழகுக்கு. உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்துவிடுவாராம்.

"மாமா, அப்பா உங்களக் கூப்ட்டுகினே கீறாரு. வந்து இன்னான்னு கேளுங்க" என்று ஜெனிபர் போன் செய்தாள்.

போனேன். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு தபா இத ஓட வெய்யி. ஓடாட்டியும் பரவால்ல. டீ எங்க எறங்கிச்சி, எம்மா தூரம் எறங்கிச்சின்னு கண்ணால பாத்துச் சொல்லு. இது போய்ட்டா அப்புறம் எதப் பாத்துத் தெரிஞ்சிக்கறது?"

அப்புறம் தானாகவே சொன்னார். "அவன் அம்மா மேல சத்தியம் பண்ணான்டா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் ரிப்பேருக்குக் கூப்பிடவில்லை.

மூன்று நாள்

முதல் நாள் சுத்தம் செய்யவே போனது. எலிப் புழுக்கை, ஒரு சாக்லேட் தாள், முத்துப் போன ஒற்றைக் கம்மல். பிக்சர் டியூபில் கரண்டு தங்கியிருந்தால் ஆளைத் தூக்கி அடிக்கும். இத்தனை வருஷத்தில் தங்கியிருக்காது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை. ஒயர் கட்டின ஸ்க்ரூ டிரைவரை டியூபின் காதோரம் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன். பியூஸ் போயிருந்தது. பவர் சப்ளையில் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன.

இரண்டாம் நாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து புதுசு வாங்கி வந்து மாட்டினேன். மீட்டரில் அளவு சரியாக வந்தது. ஸ்விட்சைப் போட்டதும் டியூபின் கழுத்தில் அகல் திரி மாதிரி ஆரஞ்சு வெளிச்சம் எரிந்தது. திரை மெல்ல விடிந்தது. அதே கலைந்த கோலம். அதே கட்டங்கள்.

"அன்னிக்கும் இப்டித்தான் நின்னுச்சி" என்றார் அண்ணன்.

மூன்றாம் நாள் டீயைத் தேடினேன். பட்டன் பலகையைக் கழற்றிக் கவிழ்த்து, டார்ச் அடித்து, அந்தக் கறை போன வழியே கண்ணை ஓட்டினேன். குச்சியின் ஓட்டை வழியாக இறங்கியிருந்தது. முன்பலகையின் உள்பக்கமாக ஒரு ஜாண் வழிந்திருந்தது. அங்கே குறுக்காக ஒரு சட்டம் அடித்திருந்தார்கள். டீ அந்தச் சட்டத்தின்மேல் தேங்கி, அங்கேயே காய்ந்துவிட்டிருந்தது. சர்க்கரைக்கு வந்து செத்த எறும்புகள்கூட வரிசையாக இருந்தன.

சட்டத்துக்குக் கீழே பலகை வெளேரென்று இருந்தது. கேம் போர்டோ பெட்டியின் பின்பக்கம், இரண்டு முழம் தள்ளி.

பீட்டர் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் போர்டுக்கு என்ன ஆனது? கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனேன். அண்ணன் நாற்காலியிலேயே கண் அயர்ந்திருந்தார். கடலிலிருந்து காற்று வந்தது. எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது. லென்ஸை வைத்து விரற்கடை விரற்கடையாகப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஓர் இடம் தவிர.

நடுவில், பெரிய சிப்புக்குப் பக்கத்தில், காய்ந்து கறுத்த பொட்டு.

நான் வைத்தது. வெளியே பெட்டிக்கு எல்லோரும் பார்க்க ஒரு பொட்டு. உள்ளே போர்டுக்கு, யாருக்கும் தெரியாமல், என் ஆசைக்கு ஒன்று. பெட்டி வெறும் மரம்தானே, உயிர் இங்கேதானே இருக்கிறது என்று நினைத்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். அம்மன் கோயில் குங்குமம். மூன்று வருஷம், ஒன்றின்மேல் ஒன்றாக.

பீட்டர் அறை வாங்கிய அன்றைக்கு போர்டை எட்டிப் பார்த்தபோதும் அதைப் பார்த்தேன். பார்த்து நிம்மதிகூட அடைந்தேன். அதைத் துடைக்கவோ அதற்கடியில் பார்க்கவோ எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சிடும்மா" என்று சொல்லி நகத்தால் மெல்லப் பெயர்த்தேன். ஓடு மாதிரி வந்தது. அடியில் பச்சை. செம்புக் களிம்பு. பொட்டின் ஈரம் உப்புக்காற்றைக் குடித்துக் குடித்துத் தலைமயிர் அளவு செம்புக்கோடு ஒன்றைத் தின்றிருந்தது. கடுகளவு இடைவெளி. மீட்டரின் இரண்டு முனையையும் இரண்டு பக்கமும் வைத்தேன். சத்தம் வரவில்லை. கோடு அறுந்திருந்தது.

என் மடியில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் இருந்தன. ஒரு துடைப்பு. ஒரு சின்ன ஒயர். ஒரு சொட்டு ஈயம். யாருக்கும் தெரியாது. டீ இறங்கவில்லை, ஏதோ தானாகக் கெட்டது என்று சொன்னால் அண்ணன் நம்புவார்.

போர்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, "நாளிக்கு வரேன்" என்று ஜெனிபரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கஸ்தூரி சொன்னது

வீடு திருவொற்றியூர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். எந்த ஸ்டாப்பும் கண்ணில் படவில்லை. கலைந்த கோலம்தான் தெரிந்தது. அம்மன் சன்னிதியில் நின்றேன். பூசாரி குங்குமம் கொடுத்தார். இட்டுக்கொள்ளாமல் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பொட்டா?" என்று நிமிர்ந்தாள். "நம்ம மிக்சி எப்டிப் போச்சின்னு இப்பதான்யா தெரியுது. பேனு, பிரிட்ஜு, அயன் பாக்ஸு, ஒண்ண உட்டியா நீ? என் நெத்தில வெச்சதவிட அதுங்களுக்குத்தான் ஜாஸ்தி வெச்ச."

"வெளையாடாத கஸ்தூரி. நான் சொன்னா அவங்க அம்மனைப் பத்தி இன்னா நெனப்பாங்க? இத்தினி நாளு கடைக்குள்ள உட்டாரே அந்த மனுசன். அவரு வூட்டையே ரெண்டா ஒடச்சது நம்ம சாமின்னு ஆயிடாதா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மனா டீ எறங்கிச்சின்னு சொன்னா? நீதான சொன்ன. அவ பேருக்குப் பின்னால ஏன் போயி ஒளியற?"

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"தொடச்சிட்டியா?"

"இல்ல."

"தொடைக்காத. அப்டியே காட்டு."

அண்ணன் கேட்டது

மறுநாள் காலை அண்ணன் எதிரில் தரையில் உட்கார்ந்து, துணியைப் பிரித்து, போர்டையும் பெயர்ந்த பொட்டையும் காட்டினேன். எறும்பு செத்த சட்டத்தையும் காட்டினேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அன்றைக்குத் தெரியாமலே தெரிந்த மாதிரி பேசியதையும் சொன்னேன்.

அவர் பொட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்போ டீ இல்லியா?"

"இல்லண்ணா."

"அவன் பொய் சொல்லலியா?"

"இல்லண்ணா."

கைத்தடி வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அடிச்சிடுங்கண்ணா" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

"நீ பொட்டு வெச்ச. ஒரு வார்த்த சொன்ன. அறைஞ்சது யாரு?" என்றார். "பத்த வெய்யி ஏகா. ஓடட்டும்."

களிம்பைச் சுரண்டினேன். இடைவெளிக்குக் குறுக்கே ஒரு நூல் ஒயரைப் படுக்க வைத்து, இரண்டு முனையிலும் ஈயம் பற்ற வைத்தேன். போர்டை மாட்டினேன். அண்ணன் பழக்கம் மாறாமல் மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடினேன். ஜெனிபர்தான் ஸ்விட்சைப் போட்டாள்.

முதலில் இருட்டு. அப்புறம் ஒன்று, இரண்டு, பத்து, நூறு என்று நட்சத்திரங்கள். அவை கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. அறை மெல்ல மிதந்தது. சுவரெல்லாம் நீலம். அண்ணனின் நரைத்த தாடியும் நீலம். நடுவில் அந்தச் சின்னக் கப்பல், நேற்று நிறுத்தின இடத்திலேயே காத்திருந்த மாதிரி. பழைய மெட்டு கேட்டது. ஒரு நிமிஷம் எனக்கு வயதே இல்லை.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. "அவனுக்குப் போன் போடு" என்றார். "நீயே பேசு. எனக்கு வாயி வராது."

பீட்டர் எடுத்தான். பின்னால் இஞ்சின் சத்தம். சொல்ல வேண்டியதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் இஞ்சின் நின்றது.

"மாமு."

"சொல்லு பீட்டரு."

"பின்னால இன்னா சத்தம் அது?"

நான் போனை மெஷின் பக்கம் நீட்டினேன். எவ்வளவு நேரம் நீட்டினேன் என்று தெரியாது. திரும்பக் காதில் வைத்தபோது அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சி வரேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை

வந்தான். தலை முழுக்க நரை. நகக்கண்ணில் கிரீஸ். வாசலில் செருப்பைக் கழற்றியவன், இல்லாத கறுப்புத் திரையை விலக்குகிற மாதிரி கையைத் தூக்கிவிட்டு, அப்புறம்தான் உள்ளே வந்தான். அண்ணன் எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை.

அவன் என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தான்.

"இன்னா மாமு, உங்க ஆத்தா இம்மா வருசம் என்ன எண்ணூருக்குத் தொரத்தி வுட்டுட்டாளே!"

"ஆத்தா இல்ல பீட்டரு. நான்தான்."

என் முகத்தையே பார்த்தான். "வுடு. அங்கதான எனக்குத் தொழில் வந்துச்சி" என்றான். சிரிக்க முயற்சி செய்தான். பாதிதான் வந்தது.

ஜெனிபர் டீ கொண்டுவந்து, "சித்தப்பா, எடுத்துக்கங்க" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண் அதன்மேலேயே இருந்தது. ஆனால் கிட்டே போகவில்லை. கிளாசை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மெஷினிலிருந்து நாலடி தள்ளிச் சுவரோரம் நின்றான். ஒரு சொட்டுகூடச் சிந்திவிடக் கூடாது என்பதுபோல.

அதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார்.

அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். இந்தத் தடவை எழுந்துவிட்டார். மெல்ல நடந்து தம்பியிடம் போனார். அதே வலது கையை நீட்டி, அவன் கையிலிருந்த கிளாசை வாங்கினார். கொஞ்சம் டீ விரலில் வழிந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. மெஷின்வரை நடந்து போய், பட்டன் பலகையின்மேல், குச்சிக்குப் பக்கத்தில், அவன் எப்போதும் வைக்கிற அந்த இடத்தில் கிளாசை வைத்தார்.

"இங்கியே வெச்சிக்கினு ஆடு" என்றார்.

பீட்டர் வந்து குச்சியைப் பிடித்தான். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அதற்குள் நட்சத்திரங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.